ஃபோர்ட்நைட் என்றால் எத்தனை நாள்? வடசென்னைக்குப் புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு

மணலியிலோ எண்ணூரிலோ புதிதாக ஒரு ஆலையில் சேருகிறீர்கள். மார்ச் 9, திங்கட்கிழமை. தற்காலிக கேட் பாஸ் கொடுக்கும்போது, "ஃபோர்ட்நைட் கழிச்சு வந்து ரினியூ பண்ணிக்கோ" என்கிறார் சூப்பர்வைசர். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டால், "அது ஒண்ணுமில்ல, பதினஞ்சு நாள்" என்கிறார். நீங்கள் பதினைந்தைக் கூட்டி 24-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை போய் நின்றால், பாஸ் முந்தைய நாளே காலாவதி ஆகியிருக்கும். சூப்பர்வைசர் மனதில் இருந்தது 23-ஆம் தேதி திங்கள். பக்கத்தில் இருந்தவர் சொன்னதும் முழுப் பொய் இல்லை. சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஃபோர்ட்நைட் என்பது பதினான்கு நாள். சரியாக இரண்டு வாரம். "பதினான்கு இரவுகள்" என்ற பழைய ஆங்கிலச் சொற்றொடர் தேய்ந்து தேய்ந்து இந்த ஒற்றைச் சொல்லாகிவிட்டது. பழைய ஜெர்மானிய மக்கள் நாளைப் பகலால் எண்ணவில்லை, இரவால் எண்ணினார்கள். ஒரு வாரத்துக்கும் "ஏழு இரவு" என்று இதே அச்சில் ஒரு சொல் ஆங்கிலத்தில் இருந்தது, அது வழக்கொழிந்துவிட்டது. அதனால் 'நைட்' என்று காதில் விழுந்ததும் நைட் ஷிப்ட் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். "ஃபோர்ட்நைட் டியூட்டி" என்றால் இரண்டு வாரத்துக்கான டியூட்டி. அது எந்த ஷிப்ட் என்பதை ரோஸ்டரில் தனியாகப் பார்க்க வேண்டும். வாரம் ஒரு நாள் விடுமுறை இருந்தால் அந்தப் பதினான்கு நாளில் கைக்கு வருவது பன்னிரண்டு ஷிப்ட். ஷிப்ட் கணக்கில் கூலி வாங்குகிறவர்கள் பன்னிரண்டால் பெருக்கிப் பார்க்க வேண்டும்.

எண்ணும் முறை

முதலில் கிழமையைப் பிடியுங்கள். பதினான்கு ஏழால் மீதியில்லாமல் வகுபடும். எனவே ஃபோர்ட்நைட் எந்தக் கிழமையில் ஆரம்பிக்கிறதோ அதே கிழமையில்தான் போய் நிற்கும். திங்களில் சொன்னால் திங்கள், வெள்ளியில் சொன்னால் வெள்ளி. நீங்கள் எண்ணி வந்த தேதி வேறு கிழமையில் விழுந்தால் கணக்கில் பிழை. இந்த ஒரு சோதனையிலேயே பெரும்பாலான தவறுகள் அகப்பட்டுவிடும்.

அடுத்து தேதி. இன்றைய தேதியோடு 14 கூட்டுங்கள். மாதக் கடைசியைத் தாண்டினால் அந்த மாதத்தின் மொத்த நாளைக் கழியுங்கள். நவம்பர் 20 என்றால் 34. நவம்பருக்கு 30 நாள், கழித்தால் டிசம்பர் 4. மாதத்துக்கு 31 நாள் என்றால் இதே 34 அடுத்த மாதம் 3-ஆம் தேதி ஆகும். 28 நாள் பிப்ரவரி என்றால் மார்ச் 6. கூட்டல் கழித்தல் வேண்டாம் என்பவர்கள் மாதக் காலண்டரில் இன்றைய கட்டத்தில் விரலை வைத்து நேர் கீழே இரண்டு வரிசை இறக்கினால் போதும். தினம் ஒரு தாள் கிழிக்கிற காலண்டரை இதற்கு நம்பாதீர்கள். இன்றைய தாளையும் சேர்த்து எண்ணிவிட்டு ஒரு நாள் முன்னதாகப் போய் நிற்பது வழக்கமான தவறு.

இன்றைய நாளைச் சேர்ப்பதா, விடுவதா? விட வேண்டும். நாளைதான் ஒன்று. "இந்தத் தேதியிலிருந்து" என்று ஒரு சட்டம் சொன்னால் அந்தத் தேதி கணக்கில் சேராது. இது 1897-ஆம் ஆண்டின் பொது விதிகள் சட்டத்தில், 9-ஆம் பிரிவில் இருக்கிறது. அலுவலகப் பழக்கமும் பெரும்பாலும் இதுதான். வேலையை விட இரண்டு வாரம் முன்னறிவிப்பு வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், கடிதம் கொடுத்த நாளை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து பதினான்கு எண்ணுங்கள். கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்ட தேதியோடு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளாவிட்டால், எந்த நாளை விட வேண்டும் என்பதே தகராறாகிவிடும்.

கடைசியாக, கேட்டு உறுதி செய்யுங்கள். "சார், ஃபோர்ட்நைட்னா 23 திங்கள்தானே?" என்று தேதியும் கிழமையும் சேர்த்துக் கேளுங்கள். "எப்போ சார் வரணும்?" என்று வெறுமனே கேட்டால் "அதான் சொன்னேனே, ஃபோர்ட்நைட்" என்று அதே பதில்தான் திரும்பி வரும்.

நம் பதினைந்து எங்கிருந்து வந்தது

தமிழில் நாளை எண்ணும்போது தொடங்கும் நாளையும் சேர்ப்பது பழைய வழக்கம். இன்று திங்கள் என்றால் அடுத்த திங்கள் எட்டாம் நாள், அதற்கடுத்த திங்கள் பதினைந்தாம் நாள். வாரத்தை "எட்டு நாள்" என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். ஃபிரெஞ்சுக்காரர்களும் இரண்டு வாரத்தைப் "பதினைந்து நாள்" என்றுதான் சொல்கிறார்கள். ஆக "பதினைந்தாம் நாள் வா" என்பது ஃபோர்ட்நைட்டுக்கு மிகச் சரியான தமிழ். "பதினைந்து நாள் கழித்து வா" என்று அது மாறும்போதுதான் ஒரு நாள் தவறுகிறது. பேச்சில் இரண்டும் ஒன்றாகவே புழங்குகின்றன. ராயபுரத்தில் "பதினஞ்சு நாளைக்கு ஒரு தபா" என்று ஒருவர் சொன்னால் அவர் பதினான்கைச் சொல்கிறாரா, பதினைந்தையா, மாதம் இரண்டு முறை என்கிறாரா என்று அவரையே கேட்டால்தான் தெரியும்.

பட்சத்தோடும் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வளர்பிறை பதினைந்து திதி, தேய்பிறை பதினைந்து திதி. ஆனால் ஒரு திதி சராசரியாக ஒரு நாளைவிடக் கொஞ்சம் குறைவு. அமாவாசைக்கு அமாவாசை ஏறக்குறைய 29 1/2 நாள் என்பதால் ஒரு பட்சம் 14 3/4 நாள் அளவில் நிற்கும். திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலில் பிரதோஷத்துக்குக் கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும்: சனிப் பிரதோஷத்துக்குத் தனி மவுசு. பிரதோஷம் சரியாகப் பதினான்கு நாளுக்கு ஒருமுறை வந்தால் அது ஆண்டு முழுக்க ஒரே கிழமையில் அல்லவா விழும்? கிழமை நகர்ந்துகொண்டே இருப்பதால்தான் சனிக்கிழமையில் விழுவது விசேஷமாகிறது. ஃபோர்ட்நைட்டுக்கும் பட்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது.

ஆஸ்பத்திரிச் சீட்டில்

ஓல்ட் ஜெயில் ரோட்டில் உள்ள ஸ்டான்லி மாதிரியான அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில், ஒவ்வொரு துறைக்குள்ளும் பல யூனிட் உண்டு. யூனிட்டுக்கு இன்னின்ன கிழமை புறநோயாளிகளைப் பார்ப்பது என்று முறை வைத்திருப்பார்கள். முதல் முறை உங்களைப் பார்த்த டாக்டர் செவ்வாய்க்கிழமை யூனிட் என்றால், "இரண்டு வாரம் கழித்து ரிவ்யூ" என்று அவர் சொல்வது மீண்டும் ஒரு செவ்வாய்க்கிழமையை. பதினைந்து நாள் என்று எண்ணிப் புதன்கிழமை போனால் வேறு யூனிட் உட்கார்ந்திருக்கும். சீட்டைப் பார்த்துவிட்டு அடுத்த செவ்வாய் வரச் சொல்லலாம்.

சில டாக்டர்கள் சீட்டில் 2/52 என்று எழுதுவார்கள். இது தேதி இல்லை, பின்னமும் இல்லை. ஆண்டின் 52 வாரத்தில் 2, அதாவது இரண்டு வாரம். இதே முறையில் 2/12 என்றால் இரண்டு மாதம், 2/7 என்றால் இரண்டு நாள். 2/12 என்பதை டிசம்பர் 2 என்று படித்துவிட்டால் சரியான நேரத்துக்குப் போக முடியாது. சந்தேகம் இருந்தால் மருந்து கொடுக்கும் இடத்திலேயே கேட்டுவிடுங்கள்.

மாத்திரைக் கணக்கும் இதோடு சேர்ந்ததுதான். காலை ஒன்று, இரவு ஒன்று, பதினான்கு நாளைக்கு என்றால் 28 மாத்திரை. பத்து மாத்திரை அட்டையாக மூன்று வாங்கினால் இரண்டு மிஞ்சும். மிஞ்சியிருக்கிறதே என்று ரிவ்யூவை ஒரு நாள் தள்ளிப்போட வேண்டாம்.

ஃபோர்ட்நைட் பதினான்காக இல்லாத இடங்கள்

இந்தியாவில் இந்தச் சொல்லுக்கு இரண்டாவது பொருள் ஒன்று உண்டு: மாதத்தில் பாதி. செய்தித்தாளில் "ஜூன் முதல் ஃபோர்ட்நைட்" என்று வந்தால் ஜூன் 1 முதல் 15 வரை. "இரண்டாவது ஃபோர்ட்நைட்" என்றால் 16 முதல் மாதக் கடைசி வரை. இந்த இரண்டாம் பாதி பிப்ரவரியில் 13 நாளாகவும் (லீப் ஆண்டில் 14), சில மாதம் 15 ஆகவும், சில மாதம் 16 ஆகவும் இருக்கும். கிழமைச் சோதனை இங்கே செல்லாது. தேதியைத்தான் பார்க்க வேண்டும்.

மணலி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வரும் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இதில் ஒரு பழைய கதை உண்டு. 2017 ஜூன் 16-ஆம் தேதி நாடு முழுவதும் தினசரி விலை மாற்றம் வருவதற்கு முன், எண்ணெய் நிறுவனங்கள் விலையை மாதம் 1-ஆம் தேதியும் 16-ஆம் தேதியும் மாற்றின. அதை எல்லோரும் "ஃபோர்ட்நைட்லி ரிவிஷன்" என்றார்கள். கண்டிப்பாகப் பார்த்தால் அது ஃபோர்ட்நைட் இல்லை, அரை மாதம்.

வங்கி வேலைக்கு வந்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 42-ஆம் பிரிவில் ஃபோர்ட்நைட் என்பது, ஒரு சனிக்கிழமையில் ஆரம்பித்து அதற்குப் பின் வரும் இரண்டாவது வெள்ளிக்கிழமையோடு முடிவது, இரு நாளும் உட்பட என்று இருந்தது. எண்ணினால் சரியாகப் பதினான்கு. 2025-ஆம் ஆண்டின் வங்கிச் சட்டங்கள் திருத்தச் சட்டம் இதை 1 முதல் 15 வரை, 16 முதல் மாதக் கடைசி வரை என்று மாற்றியது. பதினான்கு இரவு என்று பிறந்த சொல் இப்போது சட்டப்படி பதினாறு நாளாகவும் ஆகலாம். பழைய சுற்றறிக்கைகளைப் படிக்கும்போது எந்தப் பொருளில் எழுதியிருக்கிறார்கள் என்று அதன் தேதியை வைத்துப் பாருங்கள்.

வங்கிக்குப் போகும் வாடிக்கையாளருக்கும் ஒன்று. இரண்டாவது, நான்காவது சனி வங்கி விடுமுறை. இதை "ஒரு சனி விட்டு ஒரு சனி லீவு" என்று மனதில் வைத்துக்கொண்டால், ஐந்து சனி வரும் மாதத்தில் கணக்கு சறுக்கும். 2026 ஜனவரியில் சனிக்கிழமை ஐந்து. நான்காவது சனி 24-ஆம் தேதி. அதிலிருந்து இரண்டு வாரம் எண்ணினால் பிப்ரவரி 7 வரும், அன்று வங்கி உண்டு. அடுத்த சனி விடுமுறை 14-ஆம் தேதிதான்; இடைவெளி 21 நாள்.

காசு விஷயம்

ஒரு நாள் தவறினால் ஒரு நடை வீண், அவ்வளவுதான். சம்பளத்திலும் கடனிலும் இதே குழப்பம் வந்தால் ஆயிரக்கணக்கில் போகும். அடிப்படை இதுதான்: ஆண்டில் அரை மாதம் 24, ஃபோர்ட்நைட் 26.

மாதம் 18,000 ரூபாய் என்று பேசிவிட்டு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தருகிறார்கள் என்றால், பாதி போட்டு 9,000 என்று எதிர்பார்ப்பது தவறு. ஆண்டுக்கு 2,16,000, அதை 26-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 8,308. மாறாக "ஃபோர்ட்நைட்டுக்கு 9,000" என்று வாய்வார்த்தையில் பேசியிருந்தால் ஆண்டுக்கு 2,34,000. மாதக் கணக்கில் 19,500. எந்த எண்ணைப் பேசினீர்கள் என்பதை நியமனக் கடிதத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு, இரு வாரக் கூலி என்றால் அந்த இரு வாரம் முடிந்த இரண்டாவது நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது. மாதச் சம்பளம் என்றால் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள்.

கடனில் இது எதிர்ப்பக்கமாக வேலை செய்யும். தண்டலுக்குக் கடன் வாங்கினால் தினம் ஆள் வந்து வாங்கிக்கொண்டு போவார், கணக்கு எளிது. குழுக் கடன் போன்றவற்றில் "பதினைந்து நாளுக்கு ஒரு தவணை" என்பார்கள். தவணை 1,200 ரூபாய் என்று வையுங்கள். மாதம் இருமுறை என்றால் ஓராண்டுக்கு 28,800. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றால் 31,200. வித்தியாசம் 2,400. கையெழுத்துப் போடுமுன் அட்டையில் தவணைத் தேதிகளை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதிய தேதிகள் எல்லாம் ஒரே கிழமையில் விழுந்தால் 26, ஒரே இரண்டு தேதிகளாகத் திரும்பத் திரும்ப வந்தால் 24.

26 தவணையில் இன்னொரு சங்கடம்: ஆண்டில் இரண்டு மாதம் மூன்று தவணை விழும். 2026 ஜனவரி 2, வெள்ளிக்கிழமை ஆரம்பித்தால் ஜனவரியில் 2, 16, 30 என்று மூன்று. பிறகு ஜூலையில் 3, 17, 31 என்று மூன்று. வீட்டு வாடகை கொடுக்கிற மாதக் கடைசியில் மூன்றாவது தவணையும் வந்து நிற்கும். அந்த மாதங்களை முன்கூட்டியே காலண்டரில் வட்டமிட்டு வைப்பது நல்லது. சம்பளமும் இரு வாரத்துக்கு ஒருமுறை வருகிறவர்களுக்கு இது சமன் ஆகிவிடும்; மாதச் சம்பளக்காரர்களுக்குத்தான் இடி.

'பை' என்ற வம்பு

ஃபோர்ட்நைட் தெரியாதவர்கள் அதற்குப் பதிலாக 'பைவீக்லி' என்று எழுதுவது உண்டு. எழுதாதீர்கள். 'பை' என்ற முன்னொட்டு இரண்டு மடங்கையும் குறிக்கும், இரண்டில் ஒருமுறையையும் குறிக்கும். ஆங்கில அகராதிகளே இரண்டு பொருளையும் தருகின்றன. சென்ட்ரலிலிருந்து கிளம்பும் ஒரு ரயிலுக்கு பைவீக்லி என்று போட்டிருந்தால் வாரத்தில் இரண்டு நாள் ஓடும் என்று பொருள். அமெரிக்கச் சம்பளப் பட்டியலில் அதே பைவீக்லி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. தமிழ்நாட்டில் மின்கட்டணம் வெகுகாலமாக 'பைமந்த்லி'. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங். ரயிலின் 'பை'யையும் மீட்டரின் 'பை'யையும் ஒரே மாதிரி படித்தால் ஒன்று தவறும். ஃபோர்ட்நைட்லிக்கு இந்த வம்பு குறைவு.

பத்திரிகைச் சந்தா கட்டுகிறவர்களும் கவனியுங்கள். தமிழில் "மாதமிருமுறை" என்று அட்டையில் இருந்தால் ஆண்டுக்கு 24 இதழ். ஃபோர்ட்நைட்லி என்று இருந்தால் 24-ஆ, 26-ஆ என்று சந்தாப் படிவத்தில் பாருங்கள்.

வாக்கியத்தில் வைப்பது

"இன் எ ஃபோர்ட்நைட்" என்றால் இரண்டு வாரம் கழித்து. 'இன்' என்பதை "உள்ளே" என்று மொழிபெயர்த்துக்கொள்வதால் பலர் இதைப் "பதினான்கு நாளுக்குள்" என்று எடுத்துக்கொள்கிறார்கள். உள்ளே என்பதற்கு "வித்தின் எ ஃபோர்ட்நைட்". "ஃபார் எ ஃபோர்ட்நைட்" என்றால் இரண்டு வாரம் முழுக்க. உதிரிபாகம் "இன் எ ஃபோர்ட்நைட்" வரும் என்று சப்ளையர் எழுதினால் பத்தாவது நாள் போன் போட்டுச் சண்டை பிடிக்க முடியாது. "வித்தின்" என்று எழுதியிருந்தால் பதினான்காம் நாள் மாலை பிடிக்கலாம்.

"மண்டே ஃபோர்ட்நைட்" என்பது கேட்கக் கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். வருகிற திங்களிலிருந்து இரண்டு வாரம் தள்ளி வரும் திங்கள் என்று பொருள். பிரிட்டிஷ் பழக்கம். துறைமுகப் பக்கம் பழைய ஆட்கள் வாயில் எப்போதாவது வரும்.

'லி' சேர்ந்தாலே "இரண்டு வாரத்துக்கு ஒருமுறை" என்ற பொருள் வந்துவிடும். எனவே "எவ்ரி ஃபோர்ட்நைட்லி", "ஒன்ஸ் இன் ஃபோர்ட்நைட்லி" இரண்டும் தவறு. "எவ்ரி ஃபோர்ட்நைட்" அல்லது வெறும் "ஃபோர்ட்நைட்லி". "டூ ஃபோர்ட்நைட்ஸ்" என்று யாரும் சொல்வதில்லை. நான்கு வாரம் என்பார்கள்.

அமெரிக்கர்களுக்கு இந்தச் சொல்லே பழக்கமில்லை. அமெரிக்கக் கம்பெனிக்கு மெயில் போடும்போது "டூ வீக்ஸ்" என்று எழுதிவிடுங்கள். ஆஸ்திரேலியாவில் நேர்மாறு, சம்பளம், வாடகை எல்லாமே ஃபோர்ட்நைட்டில்தான் ஓடும். அங்கே படிக்கப் போகும் பிள்ளைகள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 2023 ஜூலை 1 முதல், படிப்பு நடக்கும் காலத்தில் மாணவர் விசாவில் ஃபோர்ட்நைட்டுக்கு 48 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். அங்கே ஃபோர்ட்நைட் என்பது திங்கட்கிழமையில் ஆரம்பிக்கும் பதினான்கு நாள். எந்தத் திங்களிலிருந்தும் எண்ணுவார்கள். முதல் வாரம் 15 மணி, இரண்டாம் வாரம் 30, மூன்றாம் வாரம் 20 என்று பார்த்தால், முதலிரண்டு வாரம் 45, சரி. இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து 50, விதிமீறல். சம்பளச் சீட்டு எந்த வாரத்தில் ஆரம்பிக்கிறது என்பது இந்தக் கணக்குக்குப் பொருட்டில்லை.

போனில் பேசி டைப் செய்கிறவர்கள் அனுப்புமுன் ஒருமுறை திரையைப் பாருங்கள். இதே ஒலிப்புள்ள வீடியோ கேம் ஒன்று இருக்கிறது. அதன் எழுத்துக்கூட்டல் வேறு. போன் அந்த கேமின் பெயரைப் போட்டுவிட்டால், லீவு லெட்டரில் இரண்டு வாரம் விளையாடப் போவதாக மேனேஜருக்குப் போய்ச் சேரும்.